கிண்டி மூக்கும் கூந்தல் கணக்கும்

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. சென்னைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தும் அந்த ஊரின் மட்டாஞ்சேரிப் பக்கம் கோடை தொடங்கிவிட்டால், தலைக்குக் குளிப்பது நாள் பார்த்துச் செய்கிற காரியமாகிவிடும். டிரம்மில் எவ்வளவு இருக்கிறது, நாளை குழாயில் வருமா, லாரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டுதான் பின்னலை அவிழ்க்க வேண்டும்.

சுற்றிலும் தண்ணீர்தான். மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். இரண்டும் உப்பு. ஆழமில்லாத கிணறுகளிலும் உப்பு ஏறிக் கிடக்கும். குழாய்கள் வருவதற்கு முன்பு, ஆலுவாவில் பெரியாற்று நீரை வள்ளங்களில் நிரப்பிக்கொண்டு வந்து கொச்சியில் விற்றார்கள். அங்கு வந்து தங்கிய ஐரோப்பியர் உள்ளூர்க் கிணற்றைத் தொடவே பயந்தார்கள். ‘கொச்சிக் கால்’ என்று அவர்கள் பெயர் வைத்த யானைக்கால் நோய்க்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நம்பினார்கள். காரணம் கொசு. பழி கிணற்றுக்கு.

இன்று மேற்குக் கொச்சி குழாய் வலையின் கடைக்கோடியில் இருக்கிறது. மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து பாழூரில் இறைத்து, மரடு சுத்திகரிப்பு நிலையம் வழியாக வரும் நீர், நடுவில் எத்தனையோ வீடுகளைத் தாண்டித்தான் இங்கே எட்ட வேண்டும். 2023-ன் தொடக்கத்தில் பாழூர் பம்ப் ஹவுஸில் பம்புகள் பழுதானபோது மேற்குக் கொச்சியில் வாரக்கணக்கில் குழாய் காய்ந்தது. டேங்கர் லாரிகளும் படகுகளுமாகத் தண்ணீர் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கேரள நீர் ஆணையம் கட்டணத்தை லிட்டருக்கு ஒரு பைசா உயர்த்தியது. 20 லிட்டர் மிச்சம் பிடித்தால் அந்த உயர்வில் 20 பைசா லாபம். அந்தக் காசுக்காக யாரும் சிக்கனம் பிடிக்கப்போவதில்லை. ஆனால் 20 லிட்டர் என்பது 20 கிலோ. குடத்தில் சுமந்து படியேறுபவருக்கு அது வேறு கணக்கு.

தமிழ்நாட்டில் சனி நீராடு என்று வாரத்துக்கு ஒரு முறையோடு பெரும்பாலும் முடிந்துவிடும் சமாச்சாரம், கேரளத்தில் அன்றாடம். எண்ணெய் வைப்பதும் தலை நனைப்பதும் அங்கே தினசரிக் குளியலின் பகுதி. அந்தப் பழக்கம் குளங்களில் பிறந்தது. குளத்தில் இறங்கி ஒரு முங்கு முங்கினால் கூந்தலைச் சுற்றி ஆயிரக்கணக்கான லிட்டர் நீர்; ஒரு சொட்டுகூட ‘செலவு’ இல்லை. அதற்குப் பொருத்தமாகத்தான் தாளியும் இருந்தது. செம்பருத்தி இலை, குறுந்தோட்டி, வெள்ளிலை என்று கைக்குக் கிடைத்ததைக் கசக்கி எடுத்த வழவழப்பான சாறு. குளம் போய் வாளி வந்தது, தாளி போய் ஷாம்பூ வந்தது, பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முங்கி எழுகிற கையால் மக்கைப் பிடித்து, முங்கும் அளவுக்கு ஊற்றுகிறோம்.

ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரங்களுக்கான குடிநீர்த் திட்டக் கணக்கு. அதில் குளியலுக்கு மட்டும் 55 லிட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். குடிக்க 5, சமைக்க 5. கழிப்பறையைவிடக் குளியலறைக்குத்தான் பங்கு அதிகம். நீண்ட கூந்தல் உள்ளவர் தலைக்குக் குளிக்கும் நாளில் அந்த 55-ல் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று வீட்டில் கவனித்துப் பாருங்கள். நனைக்கக் கொஞ்சம், தேய்க்க அதைவிடக் கொஞ்சம், மற்றதெல்லாம் அலசுவதற்கு. ஆகவே கூந்தல் கழுவுவதில் தண்ணீரை மிச்சப்படுத்துவது என்றால் அலசலை மிச்சப்படுத்துவது என்றே பொருள்.

சராசரித் தலையில் ஒரு லட்சம் முடி. ஒரு முடியின் தடிமன் 70 மைக்ரான், நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அத்தனை முடியின் மேற்பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 13 சதுர மீட்டர் வருகிறது. ஒரு படுக்கையறையின் தரை அளவு! இவ்வளவு பரப்பையும் கழுவ வேண்டும், அதுவும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில். நனைந்த முடிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் நுண்புழை விசையால் சிக்கி நிற்கும். முடி தன் எடையில் 30 சதவீதம்வரை நீரை உள்ளேயும் உறிஞ்சிக்கொள்ளும். கரைந்த ஷாம்பூவும் பிசுக்கும் இருப்பது இந்தச் சிக்கி நிற்கும் நீரில்தான். அலசுவது என்பது அந்த நீரை வெளியேற்றிப் புது நீரை உள்ளே விடுவது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இடுப்புவரை தொங்கும் கூந்தலைக் கையால் நன்றாகப் பிழிந்த பின்னும் 200 மில்லி நீர் தங்குகிறது, பிழியாமல் சொட்டச் சொட்ட விட்டால் 500 மில்லி தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அலசுவதற்கு நம்மிடம் இருப்பது 2 லிட்டர்தான்.

பிழிந்த கூந்தலில் 2 லிட்டரையும் ஒரே மூச்சில் கலந்து, மறுபடி பிழிந்தால், உள்ளே இருந்த ஷாம்பூ 11-ல் ஒரு பங்காகக் குறையும். 200 மில்லி, 2200 மில்லியில் கரைந்துவிட்டது, அவ்வளவுதான். அதே 2 லிட்டரை அரை லிட்டர் வீதம் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் பிழிந்தால்? ஒரு முறைக்கு மூன்றரை மடங்கு குறைகிறது. மூன்றரையை நான்கு முறை பெருக்கினால் 150. தண்ணீர் அதேதான், மிஞ்சுவது 150-ல் ஒரு பங்கு.

நான்கு முறையும் பிழியாமலே ஊற்றினால்? 500 மில்லி தங்கியிருக்கும் கூந்தலில் அரை லிட்டர் ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் பாதிதான் குறையும். நான்கு முறை பாதியானால் 16-ல் ஒன்று. பிழிந்ததற்கும் பிழியாததற்கும் ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஷவரின் கீழ் நின்று அதே 2 லிட்டரை விட்டால், நீர் முழுதும் கூந்தலுக்குள் புகுந்து கலப்பதாகவே கொண்டாலும், 55-ல் ஒன்று. நிஜத்தில் ஷவர் நீரில் பெரும்பங்கு கூந்தலின் மேல்புறமாக வழுக்கிக்கொண்டு தரைக்குப் போய்விடும்.

வேதியியல் ஆய்வகத்தில் கரைப்பானைப் பிரித்துப் பிரித்து ஊற்றிச் சாறு எடுக்கச் சொல்லித்தருவதும் இதே கணிதத்தை வைத்துத்தான். இதை எந்தப் பாடநூலும் இல்லாமல் கையில் வைத்திருப்பவர்கள் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே, வேளியில் இருக்கிறார்கள். அங்குள்ள தோபி கானாவில் துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் வரலாறு. இப்போதைய கொட்டகையும் தொட்டிகளும் 1970-களில் கட்டப்பட்டவை. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல், ஒரு தொட்டி. கொடியைப் பார்த்தால் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். ஓர் அலசலுக்கும் அடுத்த அலசலுக்கும் நடுவில் துணியை முறுக்கிப் பிழிவது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. பிழியாத துணியைப் புதுத் தொட்டியில் போட்டால் தொட்டி அழுக்காவதுதான் மிச்சம். நம் சேலைக்கு இதைச் செய்கிற நாம், நம் கூந்தலுக்குச் செய்வதில்லை. தலையில் நுரை இருக்கும்போதே அடுத்த மக்கை ஊற்றுகிறோம்.

கூந்தலைத் துணிபோல் முறுக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நனைந்த முடி உப்பி, இழுத்தால் காய்ந்த முடியைவிட அதிகம் நீளும். முரட்டுத்தனமாக முறுக்கினால் அறும். பிடரியில் தொடங்கி நுனிவரை உள்ளங்கையால் அழுத்தி வழித்துவிட்டால் போதும். முடியின் மேலுள்ள செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கின்றன. வழிப்பதும் அதே திசையில்.

கருவிகளுக்கு வருவோம். மக், நம் நாட்டின் மிகச் சிறந்த நீர்ச் சிக்கனக் கருவிகளில் ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமில்லை. தேய்க்கும் நேரத்தில் அதிலிருந்து நீர் ஓடுவதில்லை. வாளியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஊற்றும்போது அதன் குணம் வேறு. ஒரு லிட்டர் மக்கை ஒரே விநாடியில் கவிழ்த்துவிடுகிறோம். நிமிடக் கணக்கில் சொன்னால் 60 லிட்டர் வேகம். அந்த வேகத்தில் விழும் நீருக்கு முடிகளுக்கு இடையில் நுழைய அவகாசமில்லை.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உருளி, குத்துவிளக்கு, பூட்டு, மரப்பெட்டி இவற்றுக்கு நடுவில் கிண்டிகளும் இருக்கும். வயிறு பருத்து, பக்கவாட்டில் மூக்கு நீண்ட வெண்கலப் பாத்திரம். கேரள வீட்டு வாசலில் கால் கழுவ நீர் நிறைத்து வைப்பது இதில்தான். சுற்றுலா வருபவர்கள் இதை அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். அதன் மூக்கைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். மூக்கின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், நீர்மட்டம் மூக்கு நுனிக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருக்குமாறு சாய்த்துப் பிடிக்கிறோம் என்றால், டோரிசெல்லியின் விதிப்படி நீர் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் வெளிவரும். துளையின் பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு 50 மில்லி. நிமிடத்துக்கு 3 லிட்டர். மக்கின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு. மெல்லிய தாரையாக விழுவதால் இன்னொரு கையின் விரல்களால் முடியைப் பிரித்து, வகிடு வகிடாக, நேரே தோலில் படும்படி விடலாம். மின்சாரம் வேண்டாம், அழுத்தம் வேண்டாம். சாய்க்கும் கோணமே குழாய்த் திருகு.

இந்த ‘நிமிடத்துக்கு 3 லிட்டர்’ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகின் ஷவர் வரலாறு முழுவதும் அந்த எண்ணை நோக்கி இறங்கிவந்த கதைதான். அமெரிக்கா 1992-ல் கொண்டுவந்த ஆற்றல் கொள்கைச் சட்டம், ஷவர் தலைக்கு நிமிடத்துக்கு 2.5 காலன், அதாவது ஏறத்தாழ 9.5 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. பின்னால் வந்த ‘வாட்டர்சென்ஸ்’ முத்திரைக்கு 7.6 லிட்டர். சான் பிரான்சிஸ்கோவின் நேபியா நிறுவனம் 2015-ல் நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கும் ஷவரோடு வந்தது. 2021-ல் லோரியால் நிறுவனம், ஜோசா என்ற சுவிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, சலூன்களுக்கென்றே ஒரு ஷவர் தலையை அறிமுகப்படுத்தியது. ராக்கெட் இன்ஜினில் எரிபொருள் தாரைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத் துளிகளாக்கும் உத்தியை இதில் நீருக்குப் பயன்படுத்தினார்கள். 60 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் மிச்சம் என்றது நிறுவனம். யோசனை சரியானது. சிறிய துளி முடிகளுக்கு இடையில் எளிதாகப் புகும். ஒரே அளவு நீரில் துளி சிறிதாகச் சிறிதாக அதன் மொத்தப் பரப்பு கூடும். குளிர்நாடுகளில் இதற்கு ஒரு தொல்லை உண்டு: நுண்துளி தலையைத் தொடுவதற்குள் ஆறிவிடும். கொச்சியில் அந்தக் கவலை இல்லை.

கொச்சியின் கவலை வேறு. இந்தக் கருவிகளெல்லாம் அழுத்தத்தை நம்பிப் பிறந்தவை. அமெரிக்காவில் ஷவரை அளப்பது சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில், ஏறத்தாழ 5.5 பார். பத்து மீட்டர் உயர நீர்த்தூண் ஒரு பார் அழுத்தம் தரும். நம் வீட்டு மாடித் தொட்டி ஷவருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? மூன்று மீட்டர் என்றால் 0.3 பார். நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரில் 9 லிட்டர் தரும் ஷவர், 0.3 பாரில் 3 லிட்டருக்குச் சற்றுக் கீழே தரும். அதாவது மாடித் தொட்டியை நம்பியிருக்கும் வீட்டில் சாதாரண ஷவரே சிக்கன ஷவராகிவிடுகிறது! ஆனால் அந்த அழுத்தத்தில் நீர் சிதறாது, நூல் நூலாக வழியும். அதில் நுரை போகவில்லை என்று அரை மணி நேரம் நிற்பார்கள். பிறகு பிளம்பரைக் கூப்பிட்டுப் பெரிய துளைகள் வைத்த தட்டு ஷவரை மாட்டுவார்கள், அல்லது பிரஷர் பம்ப் வைப்பார்கள். பம்ப் வைத்த அன்றே கணக்கு தலைகீழாகும். நிமிடத்துக்கு 9 லிட்டர் வீதம் 5 நிமிடம் திறந்து வைத்தால் 45 லிட்டர். ஆகவே வெளிநாட்டு ஷவரின் அட்டையில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்துப் பணம் கட்டும் முன், அது வேலை செய்யக் குறைந்தபட்சம் எத்தனை பார் வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பிரஷர் பம்ப் ஏற்கெனவே உள்ள அடுக்ககங்கள், ஹோட்டல்கள், சலூன்கள் கதை வேறு. அங்கே குழாய் நுனியில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரும் ஓட்டத்தைக் குறைக்கும் சின்ன வளையமும் செலவழித்த காசுக்கு மேல் பலன் தரும். 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தபோது, வணிக நிறுவனங்களின் குழாய்களில் ஏரேட்டர் கட்டாயம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. ஒன்றிய அரசு 2022-ல் ‘பாரத் டேப்’ என்ற பெயரில் குறைந்த ஓட்டக் குழாய்களை முன்வைத்தது. மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் இருப்பதுபோல் குளியலறைச் சாதனங்களுக்கும் நட்சத்திரம் தரும் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது. கடையில் அந்த நட்சத்திரத்தைக் கேட்டு வாங்குபவர்களைத்தான் காணோம்.

எவ்வளவு அலச வேண்டியிருக்கும் என்பது எவ்வளவு போட்டோம் என்பதைப் பொறுத்தது. இங்கே கடலூருக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். பொடியையும் திரவத்தையும் சின்னப் பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கலாம் என்று காட்டியவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பூ, அந்தச் சாஷேயை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பிளாஸ்டிக் குப்பை என்று இன்று அதைத் திட்டுகிறோம், நியாயம்தான். ஆனால் தண்ணீர் கோணத்தில் பார்த்தால் சாஷே ஓர் அளவுக் கருவி. ஒரு பொட்டலம், ஒரு தலை. பெரிய பாட்டிலைக் கவிழ்க்கும் கைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஷாம்பூவின் வேலையைச் செய்வது அதிலுள்ள பரப்பு இழுவிசை குறைப்பான்கள். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை நீரைப் பிடிக்கும். பிசுக்கைச் சுற்றி உருண்டையாகச் சேர்ந்து அதை நீரோடு இழுத்துப் போகும். நுரை வருவது இதன் பக்கவிளைவு. எண்ணெய் நுரையைக் கொல்லும் என்பதால், எண்ணெய்த் தலையில் முதல் முறை நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று மேலும் போடுகிறோம், பிறகு வந்த நுரையை விரட்ட ஒரு வாளி. ஷாம்பூவைத் தலையில் நேரே ஊற்றாமல் அரை மக் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் பரவலாகப் போகும், குறைவாகவே போதும். தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். பிசுக்கு உற்பத்தியாவது அங்கே. வழிந்து இறங்கும் நீரே நுனிகளைக் கழுவிவிடும்.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாக அறிவியல் சாட்சி இருக்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-ல் ரெலே, மொஹிலே இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. ஆனால் ஊடுருவுவதற்குத் தேவையானது கொஞ்சம். மற்றதெல்லாம் மேலே நின்று தலையணை உறையைக் கறையாக்கும், வாளியைக் காலி செய்யும். வழிய வழிய எண்ணெய் வைப்பவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசக்கூடாது.

சீயக்காய், தாளி இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சீயக்காயின் சபோனின்கள் சோப்பைப்போல் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிவதில்லை. நுரையும் மட்டாகத்தான் வரும். அதனால் அலசல் குறைய வேண்டும். பொடியை அப்படியே குழைத்துப் போட்டால் மட்டும் நடப்பது நேர் எதிர். முடிக்குள் சிக்கிய துகளை எடுக்கவே அரை வாளி போய்விடும். ஊறவைத்து, கசக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டிய சாறாகப் பயன்படுத்தினால்தான் அதன் சிக்கனம் வெளிப்படும். தாளிக்கும் இதே விதி.

தண்ணீரே இல்லாத ஷாம்பூக்கள் இரண்டு வகை. ஒன்று டிரை ஷாம்பூ. மாவுச்சத்துத் துகள்களைத் தூவி, பிசுக்கை உறிஞ்சவிட்டு, சீவி எடுப்பது. கொச்சியின் ஈரக்காற்றிலும் எண்ணெய் வைத்த தலையிலும் அது களியாகிவிடும். நான் இதை அந்த ஊருக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். போதாக்குறைக்கு 2022-ல் அமெரிக்காவில் சில ஸ்பிரே வகைகளில் பென்சீன் இருக்கலாம் என்று திரும்பப் பெற்றார்கள்.

மற்றது அலசத் தேவையில்லாத திரவம். தடவி, தேய்த்து, துண்டால் துடைத்துவிட வேண்டியது. அழுக்கை எடுத்துப் போவது துண்டு. ஐஐடி டெல்லியின் ஆதரவில் வளர்ந்த கிளென்ஸ்டா நிறுவனம் இப்படியொரு ஷாம்பூவைச் செய்தது. சியாச்சின் போன்ற பனிமுனைகளில் வாரக்கணக்கில் குளிக்க முடியாத வீரர்களுக்கு இந்த வகைப் பொருள்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. விண்வெளியிலும் இதுதான். 2013-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த கேரன் நைபெர்க், தன் நீண்ட கூந்தலைக் கழுவுவதைப் படம்பிடித்து அனுப்பினார். பையிலிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான நீரை உச்சந்தலையில் பீய்ச்சி, அது துளிகளாக மிதந்து தப்புவதற்குள் கையால் பிடித்து முடிக்குள் தள்ளி, அலசத் தேவையற்ற ஷாம்பூவைத் தேய்த்து, துண்டால் துடைத்து, மறுபடி கொஞ்சம் நீர், மறுபடி துண்டு. கூந்தலில் மிஞ்சிய ஈரம் நிலையத்தின் காற்றில் ஆவியாகி, ஒடுக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிவிடும். அங்கே தலை துவட்டுவதுகூட நீர் வழங்கலின் ஒரு பகுதி.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால், கையில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும்: உப்புக் கிணற்று நீரும், குடத்தில் பிடித்த நல்ல தண்ணீரும். உப்பு நீரில் சோப்பு வேலை செய்யாது. சோப்புத் தொழிற்சாலையில் சோப்பைத் திரவத்திலிருந்து பிரித்தெடுக்கவே உப்பைப் போடுகிறார்கள்! இன்றைய ஷாம்பூ அவ்வளவு முரண்டு பிடிக்காது. அதனால் நனைப்பதற்கும் முதல் இரண்டு அலசலுக்கும் கிணற்று நீரை விட்டு, கடைசி இரண்டுக்கு மட்டும் நல்ல தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். உப்பும் ஷாம்பூவைப்போலத்தான், பிழிந்து இரண்டு முறை அரை அரை லிட்டர் விட்டால் 12-ல் ஒன்றாகக் குறையும். வீட்டில் இருவர் அடுத்தடுத்துக் குளிப்பதானால், முதல் ஆளின் கடைசி அலசல் நீரை ஒரு அகலச் சட்டியில் பிடித்து, அடுத்த ஆளின் முதல் நனைப்புக்கு விடலாம். இது ஜவுளி ஆலைகளில் எதிரோட்டக் கழுவல் என்று பெயர் வாங்கிய முறை. பேன், பொடுகு இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னொரு நீர் தலைக்கு மேலேயே இருக்கிறது. 3000 மில்லிமீட்டர் மழையில் ஒரு சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் ஆண்டுக்கு விழுவது 3000 லிட்டர். உப்பில்லை, சுண்ணாம்பில்லை, கூந்தலுக்கு இதைவிட மென்மையான நீர் கிடையாது. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் ஒரு டிரம் போதும்.

கடைசியாக, படுத்த படுக்கையாக இருப்பவரின் தலை. இப்படிப்பட்டவர்களைக் கவனிப்பதில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண, தணிப்பு சிகிச்சை இயக்கம் அக்கம்பக்கத் தொண்டர்களின் வலையாக வளர்ந்தது. 2008-ல் மாநில அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. நர்ஸ்கள் வீடு தேடி வந்து புண் கட்டுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள். ஜப்பானில் பானசோனிக் நிறுவனம் 2011-ல் 24 ரப்பர் விரல்களோடு ஒரு தலை கழுவும் ரோபோவைக் காட்டியது. இங்கே கருவி ஒரு ரப்பர் ஷீட். அமெரிக்க மருத்துவர் ஹோவர்டு கெல்லியின் பெயரால் வழங்கும் கெல்லி பேடும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நோயாளியைக் கட்டிலின் ஓரத்துக்குக் குறுக்காக நகர்த்தி, தோளுக்கடியில் ஒரு தலையணை. ஷீட்டின் இரு பக்கத்தையும் துண்டோடு சுருட்டி வரப்பு எழுப்பினால் நடுவில் வாய்க்கால்; அதன் ஒரு முனை கழுத்துக்கடியில், மறுமுனை தரையில் உள்ள வாளியில். காதுகளில் பஞ்சு, கண்மேல் ஈரத்துணி. முதலில் சிக்கெடுத்துவிட வேண்டும். நனைத்த முடி சிக்கினால் பிறகு பாடு. வெதுவெதுப்பான நீரைக் கிண்டியிலோ மூக்குள்ள ஜக்கிலோ எடுத்து, விரலால் வகிடு பிரித்து, நேரே தோலில் நனைக்க அரை லிட்டர். கலக்கிய ஷாம்பூ அரை மக். தேய்த்து, அந்த நுரையைத் துண்டால் வழித்து எடுத்துவிட்டுத்தான் முதல் அலசல். இப்படி எடுத்தால் ஷாம்பூவில் ஒரு பங்கு அலசல் நீரைத் தொடாமலே போய்விடும். பிறகு அரை அரை லிட்டராக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்து. எல்லாம் சேர்த்து மூன்று லிட்டருக்குள். சாதாரண 15 லிட்டர் வாளியில் இது கால்பங்குக்கும் கீழேதான். நடுவில் வாளியைக் காலிசெய்ய எழ வேண்டியதில்லை என்பதால் இன்னொரு ஆளும் தேவைப்படாது. வீட்டில் தனியாக இருக்கும் மகளே அம்மாவுக்குத் தலை கழுவிவிடலாம்.